கார்டு கைப்பையிலேயே இருந்தது, பணம் எப்படிப் போனது?

வாசகியின் கடிதம்:

வணக்கம் ஐயா. நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அம்மா ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 66. தீபாவளிக்காகப் பேரப்பிள்ளைகளுக்கு ஆன்லைனில் துணி ஆர்டர் செய்துவிட்டுக் காத்திருந்தார். அப்போது அவருடைய ஐபோனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. பார்சலில் முகவரி முழுமையாக இல்லையாம், மறுபடி அனுப்ப 1 வெள்ளி (ரிங்கிட்) 90 சென் கட்ட வேண்டுமாம். அம்மாவின் முழுப்பெயரும் சரியாக இருந்தது. லிங்க்கைத் தட்டி கிரெடிட் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று எண்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். ஓடிபி வந்தது, போட்டார். "தவறு, மீண்டும் முயலுங்கள்" என்றதும் இரண்டாவதாக வந்ததையும் போட்டார். ஒன்பது நாள் கழித்து வெளிநாட்டில் ஒரு மின்சாதனக் கடையில் மூன்று தடவையாக 6,870 ரிங்கிட் போயிருக்கிறது. கார்டு அம்மாவின் கைப்பையை விட்டு வெளியே போகவே இல்லை. பேங்கில் கேட்டால், "ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது, அதனால் நீங்கள்தான் பொறுப்பு" என்கிறார்கள். புதுக் கார்டு மட்டும் கொடுத்தார்கள். தம்பி அம்மாவைச் சத்தம் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கார்டையும் கைப்பேசியையும் என்னிடமே கொடுத்துவிட்டார். பணம் திரும்பக் கிடைக்குமா? அப்புறம், என் கணவர் எந்த லிங்க்கையும் தட்டாதவர். அவருடைய டெபிட் கார்டிலும் போன வாரம் பெயர் தெரியாத வெளிநாட்டு நிறுவனம் ஒன்று 4 வெள்ளி சொச்சம் எடுத்திருக்கிறது. அது எப்படி? ஓடிபி மெசேஜ்களையும் பில்லையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய பில்லை வரி வரியாகப் பார்த்தேன். அதில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை. அம்மா கட்டியதாக நினைத்த அந்த 1 வெள்ளி 90 சென், மெசேஜ் வந்த நாளிலும் இல்லை, அடுத்து வந்த நாட்களிலும் இல்லை. அந்தப் பணத்தை யாரும் எடுக்கவே இல்லை. எடுக்கும் எண்ணமும் அவர்களுக்கு இருந்திருக்காது.

அடுத்து ஓடிபி மெசேஜ்களின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் வரியில் ஆறு எண்கள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில், "உங்கள் கார்டைக் கைப்பேசி வாலட்டில் சேர்ப்பதற்கான குறியீடு, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. இரண்டு மெசேஜிலும் அதே வரிதான். கைப்பேசி வாலட் என்பது, கார்டுக்குப் பதிலாகக் கைப்பேசியையே கடைக் கருவியில் தட்டிப் பணம் கட்டும் வசதி. 1 வெள்ளி 90 சென் என்றோ, பார்சல் என்றோ, பணம் கட்டுவது என்றோ ஒரு சொல்கூட இல்லை. அம்மா ஒப்புதல் கொடுத்தது பணம் கட்டுவதற்கு என்று அவர் நினைத்தார். உண்மையில் கொடுத்தது, தன் கார்டை முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசிக்குள் ஏற்றுவதற்கு. வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து கொடுத்தது போல ஆகிவிட்டது. அசல் சாவி அவர் கைப்பையில்தான் இருந்தது.

இதை வைத்து அம்மாவைக் குறை சொல்லிவிட வேண்டாம். இன்றைய கைப்பேசிகளில் ஓடிபி வந்தால் அந்த மெசேஜை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆறு எண்ணும் விசைப்பலகைக்கு மேலே தானாக வந்து நிற்கும், ஒரு தட்டு தட்டினால் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மெசேஜ் எதற்காக வந்தது என்ற வரி கண்ணில் படாமலே வேலை முடிந்துவிடும். நான் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கார்டு மோசடிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இதே மாதிரி ஏமாந்து எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் பொறியாளர்கள் உண்டு, தாதிகள் உண்டு, வங்கியில் வேலை செய்பவர்களே உண்டு. அம்மா நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தவர். தீபாவளி நேரத்தில் இந்த நாட்டில் யார் வீட்டில்தான் பார்சல் வரவில்லை? ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரே மெசேஜை அனுப்பினால், அதில் சிலர் அன்றைக்கே பார்சலை எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மோசடிக் கும்பல் நம்பியிருப்பது அந்தச் சிலரைத்தான்.

பெயர் எப்படிச் சரியாக இருந்தது என்று உங்களுக்கு ஆச்சரியம் இருக்கலாம். 2017-இல் நம் மலேசியாவில் 4 கோடி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது நினைவிருக்கும். பெயர், முகவரி, ஐசி (அடையாள அட்டை) எண் எல்லாம் சேர்ந்தே வெளியே போனது. அதற்குப் பிறகும் சின்னதும் பெரியதுமாகக் கசிவுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆகவே நம் பெயரோ ஐசி எண்ணோ முகவரியோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதை வைத்து அவரை நம்பவே கூடாது.

இன்னொன்றும் கேட்டிருப்பீர்கள்: எஸ்எம்எஸ்-இல் லிங்க் அனுப்பக்கூடாது என்று தடை இருக்கிறதே? இருக்கிறது. தொடர்பு, பல்லூடக ஆணையம் 2023-இலிருந்து படிப்படியாக அதை அமல்படுத்தியது. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் அம்மாவுக்கு வந்த பார்சல் மெசேஜ் ஐபோனின் ஐமெசேஜ் வழியாக வந்திருக்கிறது. அது இணையம் வழியே போவது. தொலைபேசி நிறுவனத்தின் எஸ்எம்எஸ் வடிகட்டி அதைத் தொடுவதே இல்லை. வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக வருவதும் அப்படித்தான். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே திரையில் வரும் மெசேஜ்தான்.

இனி அந்த ஒன்பது நாள் இடைவெளியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அம்மா தன் மனதில் "நான் பார்சலுக்குக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது" என்று முதலில் நினைத்திருப்பார். இப்படிக் கார்டுகளை ஏற்றுகிற கும்பல் அவற்றை உடனே பயன்படுத்துவதில்லை. ஒரே கைப்பேசியில் பல பேருடைய கார்டுகளை ஏற்றி, அந்தக் கைப்பேசியையே வேறொரு கூட்டத்துக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவர்கள் வேறு நாட்டில் கடைக்குப் போய் கருவியில் தட்டி, எளிதில் விற்கக்கூடிய பொருளாக வாங்குவார்கள். விலையுயர்ந்த கைப்பேசி, கடிகாரம், பரிசு அட்டை, இவைதான் அதிகம். நாள் தள்ளிப்போனால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த மெசேஜே மறந்துபோயிருக்கும். எங்கே விட்டோம் என்று தெரியாமல் தடுமாறுவார்.

உங்களுக்கு வங்கி சொன்ன பதிலின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. நம் கையில் உள்ள பிளாஸ்டிக் கார்டைத் தட்டினால் 250 ரிங்கிட் வரைதான் பின் எண் இல்லாமல் போகும். கைப்பேசி வாலட்டில் தட்டும்போது அந்த வரம்பு பெரும்பாலும் குறுக்கே வராது. கைப்பேசியின் உரிமையாளர் முகத்தையோ விரலையோ காட்டிவிட்டார், ஆகவே ஆளை உறுதிப்படுத்தியாகிவிட்டது என்று அமைப்பு எடுத்துக்கொள்ளும். காட்டியது திருடனின் முகம். ஆனால் வங்கியின் கணினியில் அது "கடையில் நேரில், உறுதி செய்யப்பட்டு நடந்தது" என்ற மிகப் பாதுகாப்பான வகையில் பதிவாகும். கவுன்டரில் இருக்கும் அதிகாரி அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்.

ஆகவே நீங்கள் அந்த மூன்று பரிவர்த்தனைகளைப் பற்றி மட்டும் வாதாடினால் ஜெயிப்பது கஷ்டம். கேள்வியை அதற்கு முந்தைய கட்டத்துக்கு, கார்டு வாலட்டில் ஏறிய அந்த நிமிடத்துக்கு, கொண்டுபோக வேண்டும்.

அதற்கு முன் ஒரு அவசர வேலை. புதுக் கார்டு கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. வாலட்டில் கார்டு ஏறும்போது கார்டு எண்ணே ஏறுவதில்லை. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண் ஒன்று உருவாகும். கார்டை மாற்றினால் பழைய டோக்கன் பல சமயம் தானாகவே புதுக் கார்டோடு இணைந்துகொள்ளும். வாடிக்கையாளருக்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடுதான், திருடனுக்கும் அது வசதியாகிவிடுகிறது. ஆகவே இன்றைக்கே வங்கியின் ஹாட்லைனுக்கு அழைத்து, "இந்தக் கார்டில் எத்தனை டோக்கன் இருக்கின்றன? அத்தனையையும் அழித்துவிடுங்கள்" என்று கேளுங்கள். அம்மாவே கைப்பேசியில் இருந்து பேசினால் நல்லது, கணக்கு அவர் பெயரில் இருப்பதால். முதல் ஓடிபியைப் போட்டதும் "தவறு" என்று வந்ததே, அது தவறாக இருந்திருக்காது. இரண்டு இடத்தில் ஏற்றுவதற்காக இரண்டு தடவை வாங்கியிருக்கலாம். ஒரு டோக்கனை மட்டும் அழித்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. அழித்தாகிவிட்டது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீஸ் புகார் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே பக்கத்து நிலையத்துக்குப் போய்க் கொடுங்கள். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மெசேஜ், லிங்க்கின் முகவரி, ஓடிபி, பில், எல்லாவற்றின் படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த மெசேஜ்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே வங்கியின் ஹாட்லைனையோ 997 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா, போலீஸ், தொடர்பு ஆணையம், தேசிய நிதிக் குற்றத் தடுப்பு மையம் எல்லாம் சேர்ந்து தொடங்கியது. வங்கிக் கணக்கிலிருந்து வேறு கணக்குக்குப் பணம் போயிருந்தால், அது கைமாறிப் போவதற்குள் நிறுத்துவதற்கு அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பதால்தான் பாதிப் பணம் மீட்க முடியாமல் போகிறது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டில் திட்டு விழும் என்ற பயம் இருந்தால் அடுத்த முறை அம்மா உங்களிடம் வந்து சொல்லவே மாட்டார். அது 6,870 ரிங்கிட்டை விடப் பெரிய நஷ்டம்.

சரி, வங்கிக்கு எழுதும் கடிதத்துக்கு வருவோம். கவுன்டரில் வாய்ப்பேச்சாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். நீளமாகக் கதை சொல்ல வேண்டாம். என்ன நடந்தது என்று ஐந்தாறு வரி, அப்புறம் கேள்விகள். அந்த இரண்டு ஓடிபியும் எந்த நோக்கத்துக்காக அனுப்பப்பட்டன, பணம் கட்டவா, வாலட்டில் சேர்க்கவா என்று கேளுங்கள். எந்த வாலட், எந்த வகைக் கைப்பேசி, எந்த நாட்டிலிருந்து அந்தக் கோரிக்கை வந்தது, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். கார்டு ஒரு புதுக் கைப்பேசியில் ஏறியதும் அம்மாவுக்கு அதைத் தெரிவித்து வேறு அறிவிப்பு அனுப்பினீர்களா, அனுப்பியிருந்தால் அதன் நகல் எங்கே என்று கேளுங்கள். 66 வயதில், மளிகை, மருந்து, டோல் தவிர வேறு செலவு அதிகம் இல்லாத ஒருவரின் கார்டில், ஒரே நாளில் வெளிநாட்டுக் கடையில் மூன்று பெரிய தொகை விழுந்தபோது உங்கள் மோசடிக் கண்காணிப்பு அதை ஏன் நிறுத்தவில்லை என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அந்த மூன்றில் முதலாவதை விட்டால்கூட இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் போனது என்பது நல்ல கேள்வி. கடந்த ஒரு வருட பில்லை இணைத்தால் அம்மாவின் செலவுப் பழக்கம் தானாகத் தெரியும்.

இப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு ஐந்து நடவடிக்கைகளைக் கட்டாயமாக்கியது. எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுவிட்டுப் பாதுகாப்பான வேறு உறுதிப்படுத்தும் முறைக்கு மாறுவது, சந்தேகப் பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிக்கும் விதிகளை இறுக்குவது, புதிதாகப் பதிவு செய்யும்போது சிறிது நேரம் காத்திருக்க வைப்பது, ஒருவருக்கு ஒரே கருவியில் மட்டும் உறுதிப்படுத்தும் வசதி தருவது, மோசடிப் புகாருக்குத் தனி ஹாட்லைன் வைப்பது என்பவை அவை. உங்கள் வங்கி இன்னும் எஸ்எம்எஸ் வழியாகவே குறியீடு அனுப்பியிருக்கிறது என்பதை நீங்கள் அனுப்பிய படமே காட்டுகிறது. இதைக் கடிதத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பில் தொகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோபத்தில் பில்லையே கட்டாமல் விட்டுவிடாதீர்கள். தகராறில் உள்ள 6,870 ரிங்கிட்டைத் தனியாகக் குறிப்பிட்டு, "இதை மறுக்கிறோம், விசாரணை முடியும்வரை இதற்கு வட்டியும் தாமதக் கட்டணமும் போடாதீர்கள்" என்று எழுதிவிட்டு, மீதியைத் தேதிக்குள் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் தேவையில்லாத கறை விழும்.

வங்கி கடைசியாக எழுத்தில் "முடியாது" என்று சொன்னால் அதோடு முடிந்துவிடவில்லை. நிதிச் சேவை குறைதீர்ப்பாளர் அமைப்பும் பங்குச் சந்தைத் தகராறுகளைப் பார்த்த அமைப்பும் ஒன்றாகி, 2025 ஜனவரி 1 முதல் எஃப்எம்ஓஎஸ் என்ற ஒரே அமைப்பாக இயங்குகின்றன. வங்கியின் இறுதிப் பதில் கைக்குக் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அங்கே முறையிட வேண்டும். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. முறையிடும்போது அந்த இறுதிப் பதில் கடிதம் தேவைப்படும் என்பதால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள் என்கிறேன்.

முழுப் பணமும் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஓடிபியைப் போட்டது அம்மா என்பது வங்கியின் பக்கம் நிற்கும். வாலட்டில் ஏறியதைத் தெளிவாக எச்சரிக்காததும், வழக்கத்துக்கு மாறான செலவை மூன்று முறையும் விட்டதும் உங்கள் பக்கம் நிற்கும். இதுபோன்ற வழக்குகளில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வங்கிகள் ஒத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கேட்காமல் விட்டால் ஒரு சென்னும் வராது.

இப்போது உங்கள் கணவரின் 4 வெள்ளி. தொகை சின்னதாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் மிக அவசரமானது அதுதான், ஏனென்றால் அங்கே பெரிய அடி இன்னும் விழவில்லை. திருடிய கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் இப்படிச் சின்னத் தொகையை எடுத்துச் சோதிப்பார்கள். நன்கொடை வாங்கும் தொண்டு நிறுவனத் தளங்களில்கூட இதைச் செய்வார்கள், அங்கே எந்தத் தொகையையும் போடலாம் என்பதால். சோதனை தேறிவிட்டால் அந்தக் கார்டின் விலை கூடும்.

எந்த லிங்க்கையும் தட்டாத ஒருவரின் கார்டு எப்படிப் போகும் என்றால், பல வழி உண்டு. ஒன்று, ஊகித்தே கண்டுபிடிப்பது. 16 எண்களில் முதல் ஆறோ எட்டோ எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்று சொல்பவை. அவை ரகசியமே இல்லை. கடைசி எண் மற்ற எண்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது. எட்டும் ஒன்றும் போனால் மீதி ஏழு எண்தான். அதாவது ஒரு கோடி வாய்ப்பு. மனிதருக்கு அது மலை, கணினிக்கு ஒன்றுமே இல்லை. காலாவதித் தேதி ஐந்து வருடத்துக்குள் என்றால் 60 மாதம், பின்பக்கத்து எண் ஆயிரத்தில் ஒன்று. ஒரே தளத்தில் திரும்பத் திரும்ப முயன்றால் பூட்டிக்கொள்ளும் என்பதால், நூற்றுக்கணக்கான தளங்களில் சிதறடித்து முயல்வார்கள். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு கார்டின் மீதி விவரங்களைக் கண்டுபிடிக்க ஆறு வினாடிகூட போதும் என்று தெரிந்தது.

இன்னொரு வழி, நாம் நம்பி வாங்கிய கடையின் தளத்திலேயே திருடுவது. பின்பக்கத்து மூன்று எண்ணைக் கடைகள் சேமித்து வைக்கவே கூடாது என்பது கார்டு துறையின் விதி. அதனால் நாம் தட்டச்சு செய்கிற அந்த நொடியிலேயே பிடித்துக்கொள்ளும்படி, பணம் கட்டும் பக்கத்தில் சில வரி நிரலை ஒளித்து வைப்பார்கள். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்திலேயே இது நடந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் போயின. அந்த நிறுவனத்துக்கு 2020-இல் 2 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், தீபாவளிக்கு மட்டும் கடை விரிக்கிற சின்னத் தளங்களை என்ன சொல்வது? முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான் அது சொல்லும். போய்ச் சேருகிற இடம் யோக்கியமானதா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களிலும் அந்தப் பூட்டு இருக்கும்.

மூன்றாவது, பழைய பழக்கம். கடையில் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், காந்தப் பட்டையைத் தேய்த்து நகல் எடுப்பது. 2000-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் பெரிய தலைவலி அதுதான். 2005-இல் சிப் கார்டுகள் வந்ததும் அது வெகுவாகக் குறைந்தது. 2017 ஜூலையில் கையெழுத்தும் போய் ஆறு இலக்கப் பின் எண் கட்டாயமானது. சிப்பை நகல் எடுக்க முடியாததால்தான் திருடர்கள் இணையத்துக்குப் போனார்கள். கைப்பேசி வாலட் வழியாக இப்போது மறுபடியும் கடைக்கே வந்திருக்கிறார்கள்.

கணவர் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கார்டை இன்றைக்கே முடக்கிப் புது எண்ணோடு மாற்றட்டும். 4 வெள்ளியையும் மறுத்து எழுதட்டும், பதிவாகவாவது இருக்கும். நம் நாட்டு விதிப்படி டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும், கூடுதல் உறுதிப்படுத்தல் இல்லாத இணையப் பரிவர்த்தனையும் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும். ஒரு பயணத்துக்காகவோ ஆன்லைன் சந்தாவுக்காகவோ முன்பு எப்போதாவது திறந்துவிட்டு மறந்திருப்பார். வங்கி ஆப்பில் போய் அதை மூடச் சொல்லுங்கள். டெபிட் கார்டில் போவது சம்பளக் கணக்கில் இருக்கும் சொந்தப் பணம். விசாரணை முடியும்வரை வீட்டுச் செலவு தடுமாறும். கிரெடிட் கார்டில் போனால் அது பில்லில் நிற்கும், வாதாட அவகாசம் இருக்கும். இணையத்தில் வாங்குவதற்கு டெபிட் கார்டை நான் பரிந்துரைப்பதே இல்லை. அதுதான் வேண்டும் என்றால், தேவைக்கு மட்டும் பணம் போட்டு எடுக்கிற தனிக் கணக்கின் கார்டாக இருக்கட்டும்.

அம்மாவின் கைப்பேசியில் வைரஸ் ஏதும் இருக்குமோ என்ற பயம் வேண்டாம். அவர் ஒரு பக்கத்தில் எழுதினார், எதையும் நிறுவவில்லை. அது ஐபோனும்கூட. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் வேறு விதமாக மாட்டுவார்கள். வீடு சுத்தம் செய்ய மலிவாக ஆள் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும். வாட்ஸ்அப்பில் பேசி, ஏபிகே கோப்பு (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) ஒன்றை அனுப்பி, அதை நிறுவி அதன் வழியே பதிவு செய்யச் சொல்வார்கள். நிறுவினால் அது எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் படித்து ஓடிபியைத் தானே எடுத்துக்கொள்ளும். சில வருடமாக இங்கே நடக்கிற மோசடி இது. அதிகாரப்பூர்வ ஆப் ஸ்டோருக்கு வெளியே இருந்து எந்த ஆப்பையும் நிறுவக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

இனிமேல் அம்மாவுக்கு ஒரு அழைப்பு வர வாய்ப்பு இருக்கிறது, இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். "பேங்க் நெகாராவிலிருந்து பேசுகிறோம், உங்கள் 6,870 ரிங்கிட்டை மீட்டுவிட்டோம், அனுப்புவதற்குச் சின்னக் கட்டணம்" என்பார்கள். அல்லது போலீஸ் அதிகாரி என்றோ, வழக்கறிஞர் என்றோ சொல்வார்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியல் தனியாக விற்பனையாகிறது. பேங்க் நெகாரா யாரையும் அழைத்துக் கார்டு எண்ணோ ஓடிபியோ கட்டணமோ கேட்பதில்லை. யார் பேசினாலும் வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குத் தானே அழைத்துக் கேட்கட்டும்.

கடைசியாக, அம்மா கார்டையும் கைப்பேசியையும் உங்களிடமே கொடுத்துவிட்டார் என்றது எனக்கு வருத்தமாக இருந்தது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, தன் காசைத் தானே கணக்குப் பார்த்து வாழ்ந்த ஒருவர், ஒரு மெசேஜால் அதை விட்டுவிட வேண்டியதில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வங்கி ஆப்பைத் திறந்து, வெளிநாட்டுச் செலவை அணைத்து வையுங்கள். இணையச் செலவுக்கு 300 வெள்ளியோ 500 வெள்ளியோ அவருக்குப் போதுமான வரம்பை அவரே தட்டி வைக்கட்டும். ஒவ்வொரு செலவுக்கும் அறிவிப்பு வரும்படி செய்யுங்கள். ஓடிபி வந்தால் விசைப்பலகைக்கு மேலே நிற்கும் எண்ணைத் தட்டாமல், மெசேஜைத் திறந்து கீழ் வரியை உரக்கப் படித்துவிட்டு அப்புறம் போடும்படி ஒருமுறை உங்களோடு சேர்ந்து செய்து பார்க்கட்டும். வங்கியிடமிருந்து பதில் வந்ததும் அந்தக் கடிதத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள். எஃப்எம்ஓஎஸ் மனுவை எழுத நான் உதவுகிறேன்.